கானங்கோழியின் கழுத்தும் கனவான்களின் தூண்டிலும்

மீன்பிடித்தலைத் தியானம் என்று எழுதுவது நம் இலக்கிய நண்பர்களிடையே வழக்கமாகிவிட்டது. எல்லா மீன்பிடித்தலையும் அல்ல. கண்மாய்க் கரையில் மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, தகர டப்பாவில் மண்புழு என்று உட்கார்ந்திருக்கும் மனிதரைத் தியானி என்று எவரும் எழுதியதாக நினைவில்லை. வேலைவெட்டி இல்லாதவர் என்றே எழுதியிருக்கிறோம். தியானப் பட்டம் கிடைப்பது ஃப்ளை ஃபிஷிங் என்று ஆங்கிலேயர் அழைக்கும் ஈத்தூண்டிலுக்கு மட்டும். குளிர்ந்த மலையோடை, முழங்காலளவு நீர், காற்றில் வளைந்து நீளும் கயிறு, அதன் நுனியில் இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சி, பிடித்த மீனை இருகைகளிலும் ஏந்தி மீண்டும் நீரில் விடும் பெருந்தன்மை. சித்திரம் அழகாகத்தான் இருக்கிறது. நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் மீன் அருகிவிட்டதே என்ற ஏக்கமும், குஞ்சுகளை மறுபடி விட்டுப் பழைய தூண்டில் சங்கங்களின் பொற்காலத்தை மீட்டெடுக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் அந்தச் சித்திரத்தின் வாலாக வந்துகொண்டிருக்கின்றன. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் நாம் பேசப் போகிறோம்.

கைவினை என்ற அளவில் இது அற்பமானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமோ இரையின் கனமோ நரம்பை இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலில் பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. ஆகவே எறியப்படுவது பூச்சியன்று, கயிறு. கனமான கயிற்றைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, அது முற்றும் நீண்ட கணத்தில் கையை நிறுத்தினால், நுனியிலிருக்கும் பூச்சி இலை விழுவதுபோல நீரில் அமர வேண்டும். அந்தப் பூச்சியைக் கட்டுவது அதனினும் நுட்பம். சிறு இடுக்கியில் முள்ளைப் பிடித்து, மெழுகு பூசிய நூலில் முயலின் முடியைத் திரித்துச் சுற்றி உடல் செய்கிறார்கள். சேவலின் கழுத்திறகை நெட்டுக்குத்தாகச் சுற்றினால் அதன் இழைகள் விரிந்து கால்களாகி, நீரின் மேற்பரப்பில் பூச்சியைத் தாங்கி நிற்கின்றன. மயிற்பீலியின் ஓர் இழையைச் சுற்றினால் பச்சையும் செம்பும் மினுங்கும் வண்டின் வயிறு கிடைத்துவிடுகிறது. கோச்மேன் என்னும் பழைய ஈயின் உடல் அதுதான்.

இது ஆங்கிலேயரின் கண்டுபிடிப்புமன்று. கி.பி. 200 அளவில் எழுதிய ஈலியன், மாசிடோனியர் முள்ளில் செங்கம்பளி நூலைச் சுற்றி இறகு கட்டி மீன்பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் 1496இல் அச்சேறிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு ஈக்களின் செய்முறையைத் தருகிறது. அதை ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவினி எழுதினார் என்பது மரபு, ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் வந்தது 1653இல். அதில் ஈத்தூண்டிலுக்கென்று தனிப்பகுதியைச் சேர்த்தவர் சார்ல்ஸ் காட்டன், 1676 பதிப்பில். ஜப்பானின் மலைநாட்டில் தென்காரா என்ற முறை உண்டு. கழி, கயிறு, ஓர் ஈ, அவ்வளவுதான், சுருளி கிடையாது. அதைக் கையாண்டவர்கள் ஓடை மீனைப் பிடித்து விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்த தொழிலாளிகள். பொய்ப்பூச்சியால் மீன்பிடிக்கக் கனவானாக இருந்தாக வேண்டும் என்பது மீனின் விதியன்று, மனிதரின் விதி என்பதற்கு அவர்களே சான்று.

நம் நண்பர்கள் இந்தச் சித்திரத்தை ஓடையிலிருந்து பெறவில்லை, புத்தகங்களிலிருந்து பெற்றார்கள். அதில் பிழையில்லை, நாமும் அப்படித்தான் பெற்றோம். ஆனால் புத்தகங்களையாவது கவனமாகப் படித்திருக்கலாம். ஹெமிங்வேயின் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' (1925) ஈத்தூண்டிலின் வேதமாக மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தக் கதையில் நிக் ஈத்தூண்டில் கழியைத்தான் வைத்திருக்கிறான். ஆனால் முள்ளில் கோப்பது காலைப் பனியில் நனைந்து பறக்க முடியாமல் கிடக்கும் உயிருள்ள வெட்டுக்கிளிகளை. சங்கத்து விதிப்படி பார்த்தால் போரிலிருந்து திரும்பிய அந்த இளைஞன் விதிமீறியவன், ஓடையிலிருந்து வெளியேற்றப்பட்டிருப்பான். நார்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1976) மெய்யாகவே பெரிய எழுத்து, ஐயமில்லை. போதகரான தந்தை மகன்களுக்கு இறைநெறியையும் ஈத்தூண்டிலையும் பிரித்துப் பாராமல் கற்பிக்கிறார். ஆனால் அந்தப் பேரழகின் ஓரத்தில் காப்பி டப்பாவில் மண்புழுவோடு வரும் மைத்துனன் ஒருவன் இருக்கிறான். அவன் ஒழுக்கங்கெட்டவன் என்பதற்கு அந்த டப்பாவே முதற்சாட்சி. புழு வைப்பவன் தாழ்ந்தவன் என்பதை அந்த நாவல் வாதிக்கக்கூட இல்லை, வாசகருக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. ரிச்சர்ட் பிராட்டிகன் மட்டுமே விழித்திருந்தார் என்று தோன்றுகிறது. அவருடைய 'ட்ரௌட் ஃபிஷிங் இன் அமெரிக்கா'வில் (1967) பழைய சாமான் கடையொன்றில் ட்ரௌட் ஓடையை அடிக்கணக்கில் வெட்டி விற்கிறார்கள்; அருவிகளுக்குத் தனி விலை.

புழுவைக் குறித்த அந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது? நமக்கு அதைப் புரிந்துகொள்வது கடினமன்று. மடி, ஆசாரம், தீட்டு என்ற சொற்களோடு வளர்ந்தவர்கள் நாம். தென்னிங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் ஓர் ஆசாரத்தை நிறுவினார். 1886இலும் 1889இலும் வந்த அவருடைய நூல்களே அதற்குச் சாத்திரம். ஈ மிதக்க வேண்டும், மூழ்கக் கூடாது. நீரோட்டத்துக்கு எதிராகவே வீச வேண்டும். மேலெழுந்து வந்து பூச்சியைத் தின்னும் மீனைக் கண்ணால் கண்ட பிறகே வீச வேண்டும். மற்றதெல்லாம் இழிவு. ட்ரௌட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் தின்கிறது என்பதைக் கண்டவர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர். நீருக்குள் நீந்தும் புழுப்பருவப் பூச்சியின் வடிவில் அவர் ஈ கட்டினார், 1910இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். மீன் அவர் பக்கம், சங்கம் எதிர்ப்பக்கம். இந்த வழக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை. 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில், முதியவராகிவிட்ட ஸ்க்யூஸின் முறை நெறியானதா என்று பட்டிமன்றமே நடந்தது. தான் நெடுங்காலம் மீன்பிடித்த ஆற்றுப் பகுதியையும் அவர் விட்டு விலகினார். ஐரோப்பா போரின் விளிம்பில் நின்ற அந்த ஆண்டில், பூச்சி மிதக்கலாமா மூழ்கலாமா என்று கற்றறிந்த மனிதர்கள் கூடிப் பேசினார்கள் என்பதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. வடகலை தென்கலை வழக்கில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் ஏறிய மரபு நம்முடையது. நாம் கேட்பது ஒன்றே. அதை ஆசாரம் என்று அழைக்கத் தெரிந்த நாம், இதை மட்டும் ஏன் அழகியல் என்று அழைக்கிறோம்?

இனி இறகுக்கு வருவோம். நம் மனக்குறையின் மையம் அதுதான்.

விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களை அருங்காட்சியகப் படங்களில் பார்த்திருப்பவர்களுக்கு அவற்றின் பகட்டு தெரியும். ஜாக் ஸ்காட் என்பது அவற்றுள் பேர்பெற்ற ஒன்று. அதன் செய்முறைப் பட்டியலில் தென்னமெரிக்காவின் டூக்கன், சீனத்தின் பொன்வண்ணக் கோழி, ஆப்பிரிக்காவின் கினிக்கோழி, வட அமெரிக்காவின் மரவாத்து, இந்தியாவின் ஃப்ளோரிகன் என்று கண்டங்கள் வரிசையாக வருகின்றன. ஃப்ளோரிகன் என்பதை நம் பக்கத்தில் வரகுக்கோழி என்பார்கள். இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை அது. பட்டியலில் இன்னொன்றும் உண்டு: 'ஜங்கிள் காக்'. ஈயின் இருபுறமும் கண்போல வைக்கப்படும் இறகு. அந்தப் பறவை தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. புதுச்சேரியில் வாழ்ந்த பியேர் சொன்னராவின் பெயரால் 1813இல் டெம்மிங்க் அதற்கு அறிவியற்பெயர் இட்டார். நமக்கு அது சாம்பல் காட்டுக்கோழி, இலக்கியத்தில் கானங்கோழி. (நம் கறிக்கடைக் கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபுக்கூறு இந்தப் பறவையிலிருந்தே வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அது நம் வாதத்துக்குத் தொடர்பில்லாததுதான், இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்.)

குறுந்தொகையின் 242ஆம் பாடலைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். மணமாகிப்போன மகளின் சிற்றூரைச் செவிலி நற்றாய்க்கு விவரிக்கும் முல்லைப் பாட்டு. அங்கே கானங்கோழிச் சேவலின் ஒளிரும் புள்ளிகள் கொண்ட கழுத்தில் குளிர்ந்த நீர்த்துளிகள் சொட்டுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புலவன் அந்தக் கழுத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறான். இறகின் காம்பே ஓரிடத்தில் தட்டையாகி, மெழுகுத் துளிபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் புள்ளிகள் அவை. அதே புள்ளிக்காகத்தான் அந்தக் கழுத்து தோலோடு உரிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டுக் கப்பலேறியது. சேவல் ஆண்டு முழுதும் அந்த இறகுகளைத் தாங்குவதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அவை உதிர்ந்து, கழுத்து மங்கிவிடும். கழுத்து விலைபோக வேண்டுமானால் சேவல் துணை தேடும் பருவத்தில் சாக வேண்டும்.

இத்தனையும் எதற்காக? சால்மன், கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்தபின் இரையெடுப்பதை நிறுத்திவிடுகிறது. ஏன் அது ஈயைக் கவ்வுகிறது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. டூக்கன் இறகா, வர்ணம் பூசிய கோழி இறகா என்று அது ஆராய்ந்து கவ்வுவதாக யாரும் மெய்ப்பித்ததில்லை. அந்த ஈக்கள் பிடித்தது மீனையன்று, மீன்பிடிப்பவரை. தூண்டிலில் சிக்கிய மீனைச் சூதாடியின் வெற்றிக்கு உவமையாக்கிய வள்ளுவருக்கு இந்தத் திருப்பம் பிடித்திருக்கும்.

இது பழங்கதை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் களவு போயின. ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அவற்றுள் இருந்தன. திருடியவர் இசைக்கல்லூரி மாணவர், சால்மன் ஈ கட்டுவதில் பேர்பெற்றவர். எங்கே, எப்போது, யாரால் சேகரிக்கப்பட்டது என்று எழுதிய சீட்டு பல தோல்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. சீட்டு போனால் ஆய்வாளருக்கு அந்தத் தோல் ஊமையாகிவிடும். ஈ கட்டுபவருக்கு அதன் மதிப்பு குறைவதில்லை. கிர்க் வாலஸ் ஜான்சன் 2018இல் இதைப் பற்றி எழுதிய நூல் தியானக் கட்டுரையாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

இறகு வணிகத்துக்கு எதிராக இயக்கமே நடந்தது அல்லவா என்று கேட்கலாம். நடந்தது. 1889இல் இங்கிலாந்தில் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள். அவர்களின் கோபம் பெண்களின் தொப்பியில் செருகிய இறகின்மேல் பாய்ந்தது. நியாயமான கோபம். ஆனால் அதே சங்கம் 1904இல் அரச சாசனம் பெற்றபோது, வேட்டை விளையாட்டில் தலையிடுவதில்லை என்பதும் அதன் விதியாயிற்று. பிரித்தானிய இந்திய அரசு 1902இல் இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிரிட்டன் 1921இல் இறக்குமதியைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கானங்கோழிக் கழுத்துகள் மேற்கே போய்க்கொண்டுதான் இருந்தன. 1920இல் வெர்ஜீனியா உல்ஃப் எழுதிய கட்டுரையொன்று, சுடுபவரும் விற்பவரும் ஆண்களாயிருக்கப் பழி முழுதும் தொப்பி அணியும் பெண்மேல் விழுவதைச் சுட்டிக் காட்டியது. தொப்பி ஆடம்பரமாயிற்று, ஈயோ கலையாயிற்று. இன்று ஐரோப்பாவில் கூண்டில் வளர்க்கும் கானங்கோழிகளின் கழுத்துகள் முறைப்படி விற்பனையாகின்றன, நெகிழிப் போலிகளும் கிடைக்கின்றன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. ஆகவே இன்று ஈ கட்டும் ஒவ்வொருவரும் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. தியானம் என்று எழுதும்போது அந்தக் கழுத்தை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

நீலகிரிக்கு வருவோம். ட்ரௌட் அந்த மலையின் மீனன்று. 1863இல் ஃபிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகும் பல தோல்விகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் காலத்தில், அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் ட்ரௌட் அங்கே நிலைத்தது. அதற்கு முன்பே உரிமைப் பத்திரங்கள் எழுதப்பட்டாயிற்று. 1877இல் வேட்டைச் சங்கம். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். பெயரில் பாதுகாப்பு இருக்கிறது. எவரிடமிருந்து, எவருக்காக என்பதுதான் கேள்வி. சட்டத்தின் உள்ளடக்கம் உரிமம், பருவம், தண்டனை. மலையில் தலைமுறைகளாக வாழ்ந்தவன் ஒருநாள் காலையில் திருட்டு மீன்பிடிப்பவனாக எழுந்தான். கப்பலில் வந்த மீன் ஊர்க்காரன் ஆயிற்று. ஆங்கிலத்தில் மீன்களுக்கும் சாதி உண்டு. ட்ரௌட்டும் சால்மனும் 'கேம்', கெண்டை வகையெல்லாம் 'கோர்ஸ்', அதாவது முரட்டு மீன். எந்த மீனை எந்த இரையால் யார் பிடிக்கலாம் என்பது அந்த வரிசையிலிருந்து பிறக்கிறது.

பொற்காலம் பற்றிய கட்டுரைகளில் ட்ரௌட் அருகியதற்குக் காரணமாக வெடி வைப்பவனும் வலை போடுபவனும் வருகிறார்கள். 1950களின் நடுவில் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம் வருவதில்லை. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று ஓடைகள் ஒவ்வொன்றாக அணைக்குள் போயின. புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நடப்பட்டு மலையின் நீர்க்கணக்கே மாறிற்று. அணை கட்டியவர்களும் மரம் நட்டவர்களும் அரசும் நிறுவனங்களும். அவர்களோடு சண்டை போடுவது கடினம். டைனமைட் வைத்தவனைத் திட்டுவது எளிது. அவன் செய்தது நற்செயல் என்று நாம் வாதிடவில்லை. வழக்கில் அவன் ஒருவன் மட்டுமே எதிரி என்பதைத்தான் ஏற்க மறுக்கிறோம். வானவில் ட்ரௌட், பழுப்பு ட்ரௌட் இரண்டுமே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த, உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. நீர்ப்பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் சிறு மீன்களையும் தின்று வளரும் வேட்டை மீனை, சோலைக்காட்டு ஓடையில் நம் பண்பாட்டு ஏக்கத்துக்காக மறுபடி விட வேண்டும் என்பது எந்த அழகியலில் சேர்த்தி?

'வெறுமையான ஓடையில் மீன் விடுவது நன்மைதானே' என்ற நல்லெண்ணத்தின் விளைவை அறியக் காவிரியைப் பார்த்தால் போதும். எச். எஸ். தாமஸ் என்ற மதராஸ் ஆட்சிப்பணி அதிகாரி 1873இல் இந்தியத் தூண்டில் பற்றி நூல் எழுதினார். நேர்மையான மனிதர், மஹ்சீர் போராட்டத்தில் சால்மனை விஞ்சும் என்று எழுதத் தயங்காதவர், 1887இல் குளத்து மீன்பிடிப்புக்கென்றே தனிநூல் செய்தவர். ட்ரௌட் ஏக்கக்காரர்கள் அவரைப் படித்தால் நல்லது. காவிரியின் திமில் மஹ்சீர் உலகெங்கும் தூண்டில்காரர்களின் கனவு மீனாக இருந்தது. அந்த ஆற்றில் மீன்வளம் பெருக்குவதாக எண்ணி வேறோர் இனமான நீலத்துடுப்பு மஹ்சீரின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த மீன் பெருகிற்று, ஆற்றின் மீன் குறைந்தது. திமில் மஹ்சீரின் அறிவியற்பெயர் தார் ரெமாதேவி என்று உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டில் அது மிக அருகிய இனம் என்ற பட்டியலிலும் ஏறிற்று. பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒரே ஆண்டில்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சரிவு வெளிப்பட்டதே, காவிரிக்கரை மீன்பிடி முகாமில் பிடித்துவிட்ட மீன்களை எழுதி வைத்த பதிவேடுகளால்தான். எந்த நாள், எவ்வளவு எடை, எந்த வகை என்று தூண்டில்காரர்கள் குறித்து வைக்காமலிருந்தால் ஆய்வாளர்களிடம் ஒப்பிட ஏதும் இருந்திராது. ஆற்றில் கழிவு கலந்தால் முதலில் கூச்சலிடுபவர்களும் பல நாடுகளில் அவர்களே. 1877இன் வேட்டைச் சங்கம் பிற்காலத்தில் தன் பெயரிலிருந்து வேட்டையை எடுத்துவிட்டுச் சூழலைச் சேர்த்துக்கொண்டது. அது வெறும் பெயர் மாற்றமன்று என்றே நம்புகிறோம். ஆனால் இவையெல்லாம் பதிவேடு எழுதியதன் பெருமை. மிதக்கும் ஈ, மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கழி, கானங்கோழிக் கண் ஆகியவற்றின் பெருமையன்று. புழு வைப்பவரும் பதிவேடு எழுதலாம். அவரிடம் யாரும் ஏடு கொடுக்கவில்லை.

பிடித்து விடுவது அகிம்சை என்பதும் அப்படித்தான். 2003இல் லின் ஸ்னெடன் முதலியோர் வானவில் ட்ரௌட்டின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தார்கள். மீன் படுவது நம் பொருளில் வலியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை; ஓயும் வரை முள்ளைத் தியானம் என்று சொல்லாமலிருக்கலாம். உண்பதற்காகப் பிடிப்பவரிடம் ஒரு காரணம் இருக்கிறது. விடுவதற்காகப் பிடிப்பவர் தன் காரணத்தை இன்னும் நமக்குச் சொல்லவில்லை. நெய்தல் திணையிலிருந்து வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) வரை நம் எழுத்தில் மீன்பிடித்தல் என்றால் பசியும் காற்றும் கடனும் சாவும். அந்த மரபில் வந்த வாசகர், காரணமில்லாத முள்ளைக் கண்டு சற்றுத் திகைக்கவாவது வேண்டாமா?

கடைசியாக, ஈ கட்டும் கை. மாலை நேரத்தில் சங்கத்து மேசைவிளக்கின் கீழ், மூக்குக் கண்ணாடியோடு குனிந்து ஒற்றை ஈயைக் கட்டும் முதியவரைத்தான் கட்டுரைகள் நமக்குக் காட்டுகின்றன. அவர் பொய்யன்று, இருக்கிறார். ஆனால் உலகின் கடைகளில் விற்கும் ஈக்களில் பெரும்பாலானவை அவர் கட்டியவை அல்ல. கென்யாவில் 1930களிலிருந்தே, குடியேறிய வெள்ளையர் தொடங்கிவைத்த தொழிலாக இது நடக்கிறது. தாய்லாந்தில் நடக்கிறது, இலங்கையின் ஏற்றுமதித் தொழிற்கூடங்களில் நடக்கிறது. கட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி எண்ணிக்கைக்கு. ஒரே ஈயை ஒரே அளவில் ஒரே நாளில் டஜன் டஜனாகக் கட்டும் அந்தக் கைகளின் திறமைக்கு முன்னால் சங்கத்து முதியவர் எம்மாத்திரம்? அவர்களுள் பலர் அந்த ஈயை நீரில் எறிந்து பார்த்தவர்களல்லர்; அது போலச் செய்யும் பூச்சியையும் அதைத் தின்னும் மீனையும் கண்டிராதவர்கள். நம் வீட்டருகே பீடி சுற்றுபவரையும் பூக்கட்டுபவரையும் தியானிகள் என்று எழுதும் துணிவு நமக்கு இல்லை, ஏனென்றால் அவர்களின் முதுகுவலி நமக்குத் தெரியும். தொலைவிலிருந்தால் துணிவு வந்துவிடுகிறது.

ஈத்தூண்டில் நூல்களைத் தமிழில் பெயர்க்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் விரும்புகிறார்கள். பெயர்க்கட்டும், படிக்கக் காத்திருக்கிறோம். ஹால்ஃபோர்டையும் வேண்டும், ஸ்க்யூஸையும் வேண்டும். மழை விட்ட மாலையில் ஈசல் நீரில் விழ, மீன்கள் மேலெழுந்து வருவதைக் கண்ட எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அந்த நூல்களின் பாதி ஏற்கெனவே விளங்கும். மொழிபெயர்ப்பாளரிடம் நம் கோரிக்கை சிறிது. பின்னிணைப்பில் வரும் இறகுப் பட்டியலை ஒலிபெயர்ப்பில் கடந்துபோய்விட வேண்டாம். 'ஜங்கிள் காக்' என்று வரும் இடத்தில் கானங்கோழி என்று எழுதுங்கள். 'ஃப்ளோரிகன்' என்று வரும் இடத்தில் வரகுக்கோழி.